நஞ்சில் நனைத்த வாழைக்குருத்து

தேனிப் பக்கத்துக்காரர்களுக்குச் சடுதிமாற்றப் பயிர் ஒன்றும் புதிதல்ல. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.-1 தக்காளியைத் தமிழ்நாட்டு விவசாயிகளில் கேள்விப்படாதவர் குறைவு. தட்டையுருண்டைக் காய், காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள், லாரியில் நெடுந்தூரம் போனாலும் தாங்கும் உடம்பு. அதன் தாய் தேனிக்குப் பக்கத்திலுள்ள அன்னஞ்சியின் நாட்டுத் தக்காளி. அந்த நாட்டு ரகத்தில் செயற்கையாகச் சடுதிமாற்றத்தைத் தூண்டி, முளைத்த செடிகளிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான் பி.கே.எம்.-1. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-3 தக்காளியும் இதே வழியில் வந்ததே. கோ-1 ரகத்தை எத்தில் மீத்தேன் சல்போனேட் என்ற ரசாயனத்துக்கு ஆட்படுத்தி அதை எடுத்தார்கள். நம் வீட்டு ரசத்தில் கரைந்தது ஒரு 'மியூட்டன்ட்' என்று யாரும் பதறியதாகத் தெரியவில்லை. பதற வேண்டியதும் இல்லை.

தக்காளிக்கு விதை உண்டு. ஆயிரக்கணக்கான விதைகளை ஊறவைக்கலாம், நடலாம், காய்த்ததும் விதை எடுத்து அடுத்த தலைமுறையையும் நடலாம். முதல் தலைமுறையில் ஒளிந்திருந்த மாற்றம் இரண்டாம் தலைமுறையில் வெளியே தெரியும். வேளாண் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் நாகினா-22 நெல் விதையை இதே ரசாயனத்தால் பதப்படுத்தி, களைக்கொல்லியைத் தாங்கும் 'ராபின்' என்ற சடுதிமாற்றச் செடியைப் பிடித்ததும் இப்படித்தான். அந்தக் குணம் பிறகு தில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசுமதி ரகங்கள் வரை போய்ச் சேர்ந்தது.

கம்பம் பள்ளத்தாக்கின் காசுப்பயிரான வாழைக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு விதையே இல்லை.

ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்னொரு பக்கம் மேகமலை, நடுவில் 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர். நெல், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, தென்னை என்று பள்ளத்தாக்கில் எல்லாம் உண்டு. ஆனாலும் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கம் சொட்டுநீர்க் குழாய் ஓடும் புதுத்தோட்டம் என்றால் பெரும்பாலும் ஜி-9 வாழைதான். முழுப்பெயர் கிராண்ட் நைன். கேவண்டிஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,200 கன்று. எல்லாம் ஆய்வகத்துப் புட்டியில் வளர்ந்த திசு வளர்ப்புக் கன்றுகள். ஒன்றாகக் குலை தள்ளும், ஒன்றாக வெட்டுக்கு வரும். சீப்புகளும் ஒரே அளவில் அமையும். பழத்தைப் பெட்டியில் அடைத்துக் கன்டெய்னரில் ஏற்றுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கன்றுக்குக் கொடுக்கும் விலை உண்மையில் இந்த ஒருமைப்பாட்டுக்குக் கொடுக்கும் விலைதான். கேவண்டிஷ் வாழை ஒரு மும்மடியம். சாதாரணச் செடிக்கு ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதி இருக்கும்; இதற்கு மூன்று. பதினொரு வகை, வகைக்கு மூன்றாக மொத்தம் 33. மூன்றை இரண்டாகச் சமமாகப் பங்கிட முடியாததால் மகரந்தமும் சூலும் ஒழுங்காக உருவாவதில்லை. அதனால் பழத்தில் விதை இல்லை. தின்ன நமக்கு வசதி. அதே காரணத்தால் இரண்டு ரகத்தைக் கலந்து புதுக்குணம் கொண்டுவரும் பழைய வழி கேவண்டிஷுக்கு அநேகமாக அடைபட்டுவிட்டது. பக்கக்கன்றை எடுத்து நட்டாலும் ஆய்வகத்தில் பெருக்கினாலும் வருவது அதே செடியின் நகல். உலகத்திலுள்ள கிராண்ட் நைன் எல்லாவற்றையும் ஒரே செடியின் பரந்த உடம்பு என்று சொன்னால் மிகையாகாது.

ஒரே உடம்பு என்றால் ஒரே நோய் போதும்.

வாடல் நோய் வந்த மரத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். முதலில் அடியிலைகளின் ஓரம் மஞ்சளாகும். மஞ்சள் நடுநரம்பை நோக்கி நகரும். பிறகு காம்பு ஒடிந்து, இலைகள் தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். தண்டின் அடிப்பகுதி நெடுக்காக வெடிக்கும். கட்டையைக் குறுக்கே வெட்டினால், வெள்ளையாக இருக்க வேண்டிய சதையில் செம்பழுப்புப் புள்ளிகளும் வளையங்களும் தெரியும். மண்ணிலிருந்து வேர்வழியே ஏறி நீர்க்குழாய்களை அடைத்துவிட்ட பூஞ்சையின் தடம் அது. பெயர் ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம். மருந்தடித்துத் தீர்க்க முடியாது. தடித்த ஓடு கொண்ட அதன் வித்துகள் வாழையே இல்லாத மண்ணிலும் பல ஆண்டுகள் கிடக்கும். வாய்க்கால் தண்ணீர், டிராக்டர் சக்கரத்து மண், பக்கத்து ஊரிலிருந்து வாங்கிவந்த கட்டை என்று எதில் வேண்டுமானாலும் பயணம் செய்யும்.

இந்தப் பூஞ்சையின் ரேஸ்-1 என்ற வகைதான் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மத்திய அமெரிக்காவின் குரோ மிஷேல் வாழைத் தோட்டங்களை அழித்தது. அதைத் தாங்குகிறது என்பதற்காகவே உலக வணிகம் கேவண்டிஷுக்கு மாறியது. நம்மூரில் ரேஸ்-1 ரஸ்தாளியைத் தின்றது. நல்ல ரஸ்தாளித் தார் இன்று அருகிப்போனதற்கு அது பெரிய காரணம். கேவண்டிஷ் மட்டும் தப்பித்துவந்தது. அந்த நிம்மதியும் நீடிக்கவில்லை. திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் தங்கவேலுவும் முஸ்தபாவும், கேவண்டிஷையே வீழ்த்தும் வீரியமான ரேஸ்-1 இந்தியாவில் இருப்பதை 2010-இல் 'பிளான்ட் டிசீஸ்' ஆய்விதழில் பதிவு செய்தார்கள். தேனி மாவட்டத்து வாழைத் தோட்டம் வாடல் ஆய்வுகளில் அடிக்கடி தலைகாட்டத் தொடங்கியது அதையொட்டித்தான். இதற்கிடையே கேவண்டிஷின் பரம எதிரியான, இதே பூஞ்சையின் டி.ஆர்.4 வகை பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் காணப்பட்டது.

கலப்புச்சேர்க்கை நடக்காது, மருந்து வேலை செய்யாது. மரபணு மாற்றம் என்ற வழி இருக்கிறது: ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் டேல் குழு காட்டு வாழையின் ஒரு மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய கேவண்டிஷுக்கு 2024-இல் அந்நாடு அனுமதி தந்தது. நம் நாட்டில் அந்தப் பாதை எவ்வளவு நீளம் என்பதை மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயின் கதையைக் கேட்டவர்கள் அறிவார்கள். மிச்சமிருப்பது, இருக்கிற வாழையின் டி.என்.ஏ-வை அதன் இடத்திலேயே கலைத்துப் பார்ப்பது. அன்னஞ்சித் தக்காளிக்குச் செய்த வேலையை, விதை இல்லாத செடியில், புட்டிக்குள் செய்ய வேண்டும்.

உயிரினத்தின் மரபை ரசாயனத்தால் மாற்றலாம் என்று கண்டுபிடித்த கதை போர்க்காலத்துக் கதை. எக்ஸ் கதிரால் பழ ஈக்களில் சடுதிமாற்றம் வரும் என்று 1927-இல் முல்லர் காட்டிவிட்டார். ரசாயனத்தால் முடியுமா என்பது அதற்குப் பிறகும் திறந்த கேள்வியாகவே இருந்தது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி எடின்பரோவுக்கு வந்த ஷார்லட் அவர்பாக், மருந்தியலாளர் ராப்சனுடன் சேர்ந்து, முதல் உலகப்போரில் ஆளைக் கொன்ற மஸ்டர்ட் வாயுவைப் பழ ஈக்களின் மேல் செலுத்தினார். சோதனை நடந்தது கட்டடத்தின் மொட்டைமாடியில். அவர் கையெல்லாம் புண்ணானது. ஈக்களின் அடுத்த தலைமுறைகளில் சடுதிமாற்றங்கள் கொட்டின. ராணுவ ரகசியம் என்பதால் முடிவை விரிவாக வெளியிடப் போர் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் சோவியத் ரஷ்யாவில் ரபோபோர்ட் என்பவர் ஃபார்மால்டிஹைடை வைத்துத் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். பயிர்ப் பெருக்கக்காரர்கள் இன்று அதிகம் நம்பும் எத்தில் மீத்தேன் சல்போனேட், சுருக்கமாக இ.எம்.எஸ்., மஸ்டர்ட் வாயுவைப் போலவே டி.என்.ஏ-வில் கார்பன் துணுக்கை ஒட்டவைக்கிற இனம்.

பார்க்க நிறமற்ற திரவம். வேலையோ நுணுக்கமானது. டி.என்.ஏ-வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினைத் தேடிப் பிடித்து அதன்மேல் ஓர் எத்தில் துணுக்கை ஒட்டிவிடும். வழக்கமாகச் சைட்டோசினுடன் ஜோடி சேரும் குவானின், இந்த ஒட்டுடன் தைமினுடன் ஜோடி சேரத் தொடங்கும். செல் பிரியும்போது நகலெடுக்கும் இயந்திரம் அந்தத் தப்பான ஜோடியை உண்மையென்று நம்பிவிடும். இரண்டு சுற்று நகலெடுப்பில் ஜி-சி இருந்த இடத்தில் ஏ-டி உட்கார்ந்திருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் அதற்குரிய புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறலாம், புரதமே பாதியில் நின்றுபோகலாம், ஒன்றுமே ஆகாமலும் போகலாம். காமா கதிர் டி.என்.ஏ-வைத் துண்டு துண்டாக உடைக்கும். பெரிய பகுதிகளே காணாமல் போகும். இ.எம்.எஸ். எழுத்துப்பிழை மட்டும் போடும். நல்ல ரகத்தின் மற்ற குணங்கள் குலையாமல் ஒன்றை மட்டும் மாற்ற விரும்புகிறவருக்கு இதுவே கவர்ச்சி.

சோடியம் அசைடு என்ற இன்னொரு சடுதிமாற்றியின் தந்திரம் வேறு. அது நேரடியாக டி.என்.ஏ-வைத் தொடுவதேயில்லை. அமிலக் கரைசலில் செல்லுக்குள் நுழைந்ததும் செடியே தன் நொதியால் அதை அசைடோ அலனைன் என்ற பொருளாக மாற்றிக்கொள்கிறது. கேடு செய்வது அந்தப் பொருள். தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்வது என்பதை ஒரு நொதி இவ்வளவு துல்லியமாகச் செய்வதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

இனி புட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நல்ல தாய்மரத்தின் ஈட்டிக் கன்று ஒன்றைக் கிழங்கோடு பெயர்த்து, மண் போகக் கழுவி, இலையுறைகளை ஒவ்வொன்றாக உரிப்பார்கள். உரிக்க உரிக்க நடுவில் வெள்ளைக் கூம்பு ஒன்று மிஞ்சும். அதன் உச்சியில், வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரிவதுதான் வளர்நுனி. வாழையில் தார் உட்பட எல்லாமே அங்கிருந்து கிளம்புவதுதான். கிருமிநீக்கம் செய்து, 1962-இல் முராஷிகே, ஸ்கூக் என்ற இருவர் வகுத்துத் தந்த உப்பு, சர்க்கரைக் கலவையில், அகார் கூழின் மேல் அதை நிறுத்துவார்கள். சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் ஒரு நுனி பல மொட்டாகும். முதல் சில வாரம் வெட்டுப்பட்ட இடத்திலிருந்து கருப்புச் சாறு கசிந்து கூழையெல்லாம் அழுக்காக்கும். வாழைக்காய் நறுக்கியவர் கை கறுக்கிறதே, அதே கறை. அது அடங்கியபின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பிரித்து வைக்க, ஒரு கன்று நூற்றுக்கணக்காகும்.

சடுதிமாற்றிக்கு ஆட்படுத்துவது இந்த நிலையில்தான். திருச்சி மையத்தில் சரஸ்வதியும் அவருடைய சகாக்களும் 2016-இல் வெளியிட்ட ரஸ்தாளி ஆய்வு இதற்கு நல்ல சான்று. தண்டு நுனிகளையும், புட்டியில் பெருகிக்கொண்டிருந்த மொட்டுகளையும் இ.எம்.எஸ்., சோடியம் அசைடு, டை எத்தில் சல்ஃபேட் என்ற மூன்று ரசாயனங்களில் தனித்தனியே நனைத்தார்கள். முதல் கேள்வி: எவ்வளவு? குறைந்தால் பயனில்லை, கூடினால் எல்லாம் செத்துப்போகும். எடை பாதியாகக் குறையும் அளவை எல்லையாக வைத்துக்கொண்டார்கள். தண்டு நுனிக்கு இ.எம்.எஸ். 2 சதவீதம், 3 மணி நேரம். பெருகும் மொட்டுக்கு 0.6 சதவீதம், அதுவும் அரை மணி நேரம்தான். சோடியம் அசைடு நுனிக்கு 0.02 சதவீதம், 5 மணி நேரம், மொட்டுக்கு 0.01 சதவீதம், 2 மணி நேரம். ஒரே செடி, ஒரே ரசாயனம். திசுவின் வயது மாறினாலே தாங்கும் அளவு இத்தனை மடங்கு மாறுகிறது. வேறு யாரோ ஒரு ரகத்துக்குச் சொன்ன அளவை அப்படியே எடுத்து இன்னொன்றுக்குப் போட முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வேலை செய்கிறவர் கையுறை போட்டு, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டுக்குள்தான் இதைக் கையாள்வார். இ.எம்.எஸ். வாழையின் டி.என்.ஏ., மனிதரின் டி.என்.ஏ. என்று பார்ப்பதில்லை; புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மிச்சத்தைச் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலால் முறித்த பிறகுதான் கொட்டலாம். நனைத்த நுனிகளைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். 'அப்படியென்றால் பழத்தில் அந்த நஞ்சு இருக்காதா?' என்ற கேள்வி நியாயமானது. இருக்காது. தண்ணீர் பட்டால் தானாகச் சிதைவது அதன் இயல்பு: 20 டிகிரி வெப்பத்தில் பாதி சிதைய ஏறத்தாழ 93 மணி நேரமாகும், 30 டிகிரியில் ஏறத்தாழ 26 மணி நேரம். மிஞ்சுவது எத்தனாலும் ஓர் அமிலமும். நனைத்த நுனி பல சுற்றுப் பெருக்கம் முடிந்து, தோட்டத்துக்குப் போய்த் தார் போடுவதற்குள் ஆண்டுகள் கழிந்திருக்கும். மிஞ்சியிருப்பது மாறிய எழுத்து மட்டும்.

இதுவரை வந்தது சுலபமான பாதி. ரசாயனமும் அதைக் குலுக்கும் கருவியும் இருந்தால் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் முடித்துவிடலாம். நம் நாட்டில் வெளியாகும் கட்டுரைகளில் கணிசமானவை இந்த எல்லையிலேயே, 'இத்தனை சதவீதத்தில் இத்தனை செத்தது' என்ற அட்டவணையோடு நின்றுவிடுவது என்னுடைய நீண்டநாள் மனக்குறை. மாற்றுவது ஒரு நாள் வேலை. மாறியதில் உருப்படியானதைப் பொறுக்குவதுதான் பாடு. அரிசியில் கல் பொறுக்குவதைத் திருப்பிப் போட்டது போல, ஒரு மூட்டைக் கல்லில் ஓர் அரிசியைத் தேடுகிற வேலை. அதிலும் கல்லும் அரிசியும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும்.

ஏன் இவ்வளவு கடினம்? முதல் சிக்கல் நுனியின் அமைப்பு. வளர்நுனியில் பல செல்கள், அடுக்கடுக்காக. சடுதிமாற்றம் நடப்பது அதில் ஏதோ ஒரு செல்லில். அந்த நுனி வளர்ந்தால் பாதி மாறியதும் பாதி மாறாததுமான கலவைச் செடி வரும். இலையில் இருக்கிற குணம் வேரில் இருக்காது; தாய்மரத்தில் இருந்தது பக்கக்கன்றில் காணாமல் போகும். தீர்வு, மேலும் மேலும் பிரித்துப் பெருக்குவது: ஒவ்வொரு சுற்றிலும் புது மொட்டு குறைந்த செல்களிலிருந்து கிளம்புவதால், கலப்பு படிப்படியாகப் பிரிந்து தூய வரிசைகளாகும். ஆஸ்திரியாவில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் செய்பர்ஸ்டார்ஃப் ஆய்வகத்தில் யோவான்னா யான்கோவிச்-சீஸ்லக் குழுவினர் இதை எழுத்து எழுத்தாகச் சோதித்தார்கள். எடுத்துக்கொண்டது நம் கிராண்ட் நைன்தான், ரசாயனம் இ.எம்.எஸ். 2012-இல் வந்த அவர்களின் முடிவு பலருக்கும் தெம்பளித்தது: சடுதிமாற்றங்கள் ஏராளமாக இருந்தன, எதிர்பார்த்தபடி ஜி-சி இடத்தில் ஏ-டி, கலப்பு வேகமாகத் தீர்ந்தது, பெருக்கப் பெருக்க மாற்றம் தொலைந்துபோகவும் இல்லை.

இதைவிட நுட்பமான வழி, ஆண்பூவின் இளமொட்டுகளிலிருந்து செல்களைப் பிரித்துத் திரவத்தில் மிதக்கவிட்டு, தனிச் செல்லிலிருந்தே கருவை வளர்ப்பது. அங்கே கலப்புப் பிரச்சினையே கிடையாது. ஆனால் அந்தச் செல் கூட்டத்தை உயிரோடும் ஒழுக்கத்தோடும் வைத்திருக்கத் தேர்ந்த கை வேண்டும்.

இரண்டாம் சிக்கல் மும்மடியம். பூஞ்சை உள்ளே நுழைய வாழையின் ஏதோ ஒரு மரபணு கதவு திறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கெடுத்தால் நோய் வராது. ஆனால் கதவுக்கு மூன்று பிரதி. இ.எம்.எஸ். ஒன்றைக் கெடுத்தால் மற்ற இரண்டும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். தக்காளியானால் தன் மகரந்தச் சேர்க்கையில் அடுத்த தலைமுறையிலேயே இரு பிரதியும் கெட்ட செடி கிடைத்திருக்கும். விதையில்லா வாழையில் அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே ஒரு பிரதி மாறினாலே வெளியே தெரிகிற, ஓங்கிய குணம்தான் அகப்படும். அது அபூர்வம். இதே மூன்று பிரதிகள்தான் வாழையை இவ்வளவு நஞ்சைத் தாங்கவும் வைக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அபூர்வமானதைப் பிடிக்க வேண்டுமென்றால் சல்லடை வேண்டும். திசு வளர்ப்பின் உண்மையான வலிமை இங்கேதான். ஆயிரம் வாழையைத் தோட்டத்தில் சோதிக்க ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். புட்டியில் ஓர் அலமாரித் தட்டு போதும். வாடல் பூஞ்சை சுரக்கும் ஃபியூசாரிக் அமிலத்தையோ, பூஞ்சையை வளர்த்து வடிகட்டிய சாற்றையோ அகார் கூழிலேயே கலந்துவிடலாம். திருச்சி ஆய்வில் 0.050 மில்லிமோலார் அமிலமும் 7 சதவீதச் சாறும் மொட்டுகளில் பாதியைக் கொன்றன. அதைத் தாண்டிப் பிழைத்தவற்றைச் செடியாக்கி, தொட்டியில் நட்டு, உயிருள்ள பூஞ்சையையே வேரருகில் இட்டார்கள். கடைசியில் கட்டையை அறுத்துப் பார்த்தபோது மூன்று செடிகளின் கிழங்கு முழுக்க வெள்ளையாக, நிறமாற்றமே இல்லாமல் இருந்தது. அந்த மூன்றையும் புட்டியில் பெருக்கியும் வைத்தார்கள்.

இந்தச் சல்லடைக்கும் ஓட்டை உண்டு. அமிலத்தைத் தாங்கும் மொட்டு பூஞ்சையையும் தாங்கும் என்று உத்தரவாதம் இல்லை. வேரில் ஏறும்போது பூஞ்சை பயன்படுத்தும் ஆயுதம் அது ஒன்று மட்டுமல்ல. தொட்டியில் வென்ற செடி தோட்டத்தில் தோற்கலாம்.

கண்ணுக்குத் தெரிகிற குணமென்றால் கதை எவ்வளவு மாறிவிடுகிறது என்று பாருங்கள். கம்பம் கணவாய் வழியே ஆடிக் காற்று இறங்கும் மாதங்களில் உயர வாழைக்கு முட்டுக்கொடுக்காமல் தப்ப முடியாது. கம்புச் செலவே ஒரு சுமை. குட்டை வாழை வேண்டுமென்றால் நட்டுவிட்டு நடந்து போய்ப் பார்த்தாலே போதும். பாபா அணு ஆராய்ச்சி மையமும் திருச்சி மையமும் சேர்ந்து கிராண்ட் நைனில் காமா கதிர் பாய்ச்சி எடுத்த 'காவேரி வாமன்' அப்படிக் கண்ணால் பிடிபட்ட குட்டை ரகம். மலேசியாவில் தொண்ணூறுகளில் வந்த 'நோவாரியா', கிராண்ட் நைனில் கதிரால் வந்த முந்திப் பூக்கும் வகை. பூக்கும் நாட்களை எண்ணினால் தெரிந்துவிடும். வாடல் எதிர்ப்பு மட்டும் முகத்தில் எழுதியிருப்பதில்லை.

தைவான்காரர்கள் இந்தச் சிக்கலுக்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே பிங்டுங் பகுதியில் 1960-களின் பிற்பகுதியிலேயே கேவண்டிஷில் வாடல் நுழைந்துவிட்டது. ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்த ஏற்றுமதி ஆட்டம்கண்டது. எண்பதுகளில் அவர்களுடைய வாழை ஆராய்ச்சி நிறுவனம் திசு வளர்ப்புக் கன்று கொடுக்கத் தொடங்கியபோது, ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று கன்று தாயைப் போல இல்லாமல் விலகி வந்தது. யாரும் ரசாயனம் ஊற்றவில்லை. புட்டிக்குள் ஓயாமல் பிரிந்து பெருகும் அழுத்தத்திலேயே செல்கள் தடம்புரளும். கன்று விற்பவருக்கு அது பழுது. ஹுவாங் ஷின்-சுவான் என்ற விஞ்ஞானி அந்தப் பழுதுகளையே தேடிப் போனார். ஆயிரமாயிரம் திசு வளர்ப்புக் கன்றுகளை நோய் ஊறிய வயலிலேயே நட்டு, எது செத்தது என்று பார்க்காமல் எது நின்றது என்று பார்த்தார். நின்றவை கைவிரல்களால் எண்ணக்கூடியவை. முதலில் கிடைத்தவை நோயைத் தாங்கினாலும் தார் சரியில்லை; அவற்றைத் திரும்பப் புட்டியில் போட்டு மறுபடி பொறுக்கினார். அப்படி வந்த ஜி.சி.டி.சி.வி.-218, 'ஃபார்மோசானா' என்ற பெயரில் வணிகத்துக்குப் போயிற்று. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் டி.ஆர்.4 தாக்கிய தோட்டங்களிலும் இந்த வரிசை வாழைகள் நடப்பட்டன. முழு எதிர்ப்பு கிடையாது, வெட்டுக்கு வர வழக்கமான கேவண்டிஷைவிட நாள் கொஞ்சம் கூடுதலாகும். ஆனால் மரம் நிற்கிறது.

இ.எம்.எஸ்.காரர்கள் இதிலிருந்து கற்க வேண்டியது சல்லடையைத்தான். ரசாயனம் செய்வதெல்லாம் நூற்றுக்கு மூன்று என்ற விகிதத்தை ஏற்றிக் கொடுப்பது. தேர்ந்தெடுத்தது நோய் வயல்.

இங்கே ஒரு முரண்பாடும் இருக்கிறது. நம் நாட்டில் 2006 முதல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குத் தேசியச் சான்றளிப்பு முறை உண்டு. நச்சுயிரி இல்லை, தாயிலிருந்து விலகல் இல்லை என்று சோதித்துச் சான்று தருவார்கள். விலகலைத் தவிர்க்க, ஒரு தாய் நுனியை ஏறத்தாழ எட்டுச் சுற்றுக்கு மேல் பெருக்காமல் நிறுத்துவது நல்ல ஆய்வகங்களின் வழக்கம். விவசாயியின் பணத்துக்கு அந்தக் காவல் தேவைதான். சின்னமனூர்க்காரர் ஒருவருடைய தோட்டத்தில் நூற்றுக்கு மூன்று மரம் குட்டையாகவோ இலை சுருண்டோ வந்தால் அவர் கன்று கொடுத்தவரைச் சும்மா விடமாட்டார். ஆனால் அதே தோட்டத்தில் வாடல் அடித்த மூலையில் ஒரே ஒரு மரம் பச்சையாக நின்றால், அதன் பக்கக்கன்றுக்கு உள்ள மதிப்பை யாரும் அவரிடம் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. பெரும்பாலும் வரிசையோடு அதையும் தோண்டி எறிந்துவிட்டுத்தான் அடுத்த பயிர் வைப்பார்கள்.

வேறொரு ரசாயனத்தையும் இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதற்கு மூலப்பொருள் நம் சுற்றுவட்ட மாவட்டங்களில் விளைகிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கம்பிப் பந்தலில் படரவிடும் கண்வலிக் கிழங்கு, நம் மாநில மலரான செங்காந்தள். அதன் விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் மூட்டுவலி மருந்தாக உலகெங்கும் போகிறது. பயிர்ப் பெருக்கக்காரருக்கு அது குரோமோசோம் இரட்டிப்பான். செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் இழைகளை அது உருவாகவிடாது; பிரிய வேண்டிய செல் பிரியாமல் குரோமோசோமை மட்டும் இரட்டித்துக்கொண்டு நிற்கும். எழுத்தை அது மாற்றுவதில்லை. நோய் எதிர்ப்புள்ள இருமடிய வாழையைப் புட்டியில் கோல்சிசினால் நான்மடியமாக்கி, அதை வேறொரு இருமடியத்தோடு சேர்த்தால் பிறப்பது மும்மடியம், அதாவது விதையில்லாப் பழம். கேவண்டிஷைத் திருத்துவதற்குப் பதிலாகக் கேவண்டிஷ் போன்ற ஒன்றை அடியிலிருந்து கட்டுவது. கரீபியத் தீவான குவாடலூப்பில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாக இந்த வழியில் போகிறார்கள்.

சடுதிமாற்றத்துக்கே திரும்பினால், திருச்சியின் மூன்று செடிகள் ரஸ்தாளியில் வந்தவை. தேனிக்கு வேண்டியது அதே வேலை ஜி-9-இல், பள்ளத்தாக்கின் சொந்தப் பூஞ்சையை வைத்து. ரேஸ்-1 என்று பொதுப்பெயர் சொன்னாலும் ஊருக்கு ஊர் அதன் வீரியம் வேறு. வேறு மாவட்டத்துப் பூஞ்சையிடம் தேறிய செடி இங்கே தேறும் என்று கணக்குப் போட முடியாது. புட்டியில் நனைத்து, நான்கைந்து சுற்றுப் பிரித்து, பூஞ்சைச் சாற்றில் வடிகட்டி, மிஞ்சியவற்றை இங்கேயே வாடல் ஊறிய நிலத்தில் நடவேண்டும். இந்த நிலம் கிடைப்பதுதான் கடினம். நோய் வயலை நோய் வயலாகவே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும். அதைச் சுற்றி வாய்க்கால் தண்ணீர் வெளியேறாமல் கரை கட்ட வேண்டும், உள்ளே போய்வரும் மண்வெட்டியும் செருப்பும்கூட வெளியே போகக்கூடாது. இல்லையென்றால் ஆராய்ச்சியே நோயைப் பரப்பிவிடும். முதல் தார் வெட்ட ஓராண்டு ஆகும். அதோடு முடிவு சொல்ல முடியாது. நட்ட மரத்தில் தலைகாட்டாத வாடல் மறுதாம்பில் வந்து நிற்பது வழக்கமாதலால், குறைந்தது மறுதாம்புத் தாரையும் வெட்டி, கட்டையை அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒரு செடிக்கு எண் கொடுக்கலாம்.